தர்வேஷின் எடைக்கல்

2019 செப்டம்பர் 14, சனிக்கிழமை. ஆப்கன் எல்லையாக ஓடும் பஞ்ச் ஆற்றின் நடுத்தீவில் கூடும் யஸ்தூன் எல்லைச் சந்தையில், காலை 10.05 மணிக்கு, எல்லை வணிக அலுவலகத்தின் தலைவர் தோலிப்ஷோ கொலையுண்டு கிடந்தார். வயது ஐம்பத்தெட்டு. மண்டை மூன்று இடங்களில் உடைந்திருந்தது.

முதலில் பார்த்தவன் தர்வேஷ். ஆப்கன் கரையிலிருந்து அரிசியும் வால்நட்டும் கொண்டுவந்து விற்பவன். அவன் போட்ட கூச்சலில், தீவை இந்தக் கரையோடு சேர்க்கும் வடபாலத்துச் சிப்பாய்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அலுவலகம் என்பது ஒரு பழைய இரும்புக் கண்டெய்னர். உள்ளே தர்வேஷ் மண்டியிட்டு, செத்தவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். முழங்கை வரை ரத்தம். பக்கத்தில் ஒரு இரும்பு எடைக்கல், அதில் நரைமுடி ஒட்டியிருந்தது. அக்கரை வியாபாரிகள் மட்டுமே பயன்படுத்தும் ஒரு சேர் கல் அது. ஏழு கிலோ. தர்வேஷ் தன் கல்லுக்கு அடையாளமாகச் சிவப்பு வளையம் தீட்டியிருப்பான். இந்தக் கல்லிலும் வளையம் இருந்தது.

சிப்பாய்கள் அதற்குமேல் எதையும் யோசிக்கவில்லை. ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் தர்வேஷின் விலாவில் இடித்தான். பத்தேகாலுக்கெல்லாம் அவனைக் கொடிக்கம்பத்தில் கட்டிவிட்டார்கள்.

சந்தையின் கால்நடை டாக்டர் சவ்சன் அப்போது கண்டெய்னர் வாசலில் நின்றாள். அவள் கொட்டகை அங்கிருந்து நாற்பது தப்படி. அக்கரையிலிருந்து வரும் ஆடுகளைப் பார்த்து முத்திரை குத்துவது அவள் வேலை. நாற்பத்தியொரு வயது. அவளுடைய தாத்தாவும் தர்வேஷின் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். ஆற்றில் எல்லைக் காவல் விழுந்த வருஷம் ஒருவர் இந்தக் கரையில் இருந்தார், மற்றவர் அந்தக் கரையில். மூன்று தலைமுறை கழித்து, இந்தச் சந்தை திறந்த பிறகுதான் தர்வேஷை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். இடையில் பதினெட்டு மாதம் பாலம் மூடிக் கிடந்தது. தோலிப்ஷோ தலைநகரத்துக்கு நடையாய் நடந்து மறுபடி திறக்க வைத்தார்.

இப்போது தர்வேஷ் கொடிக்கம்பத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ரத்தம் கூரைத் தகடு வரை தெறித்திருந்தது. அடித்தவன், அவர் விழுந்த பிறகும் அடித்திருக்கிறான். மேஜைமேல் சூடு ஆறாத தேநீர்ப் பாத்திரம். ஆற்றுப் பக்கத்துக் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தோலிப்ஷோவின் வலது கை நீண்டு கிடந்தது. மணிக்கட்டு முதல் விரல் முட்டி வரை பச்சை. காலையில் அவள் ஊற்றிய மருந்து. விரல் முட்டிக்குக் கீழே ஒரு நாணயம் அளவுக்கு நிறம் வெளிறியிருந்தது. விழும்போது எங்கேயாவது தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

10.20. சந்தை மேலாளர் அக்நஸார் வடபாலத்திலிருந்து ஓடிவந்தார். சட்டையும் கையில்லாத ஸ்வெட்டரும்தான் அணிந்திருந்தார். ஆற்றுக்காற்று எலும்பைக் குடைந்துகொண்டிருந்தது. அவருக்குப் பற்கள் தந்தியடித்தன. பிணத்தைப் பார்த்ததும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

10.40. மாவட்டத் தலைமையிடத்திலிருந்து ஜீப் வந்தது. கேப்டன் இஸ்மத்தோவ் சமவெளிக்காரர். மலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கீழுதட்டுக்குள் நாஸ் அதக்கியிருந்தார். பச்சைப் புகையிலைத் தூளை எச்சில் ஊற ஊற அப்படியே வைத்துக்கொண்டு பேசுவது அவர் வழக்கம்.

"கடைசியா உயிரோட பார்த்தது யாரு?"

"நான்தான்," என்றாள் சவ்சன்.

"எத்தனை மணிக்கு?"

"ஒம்பது முப்பத்தஞ்சு."

"அவ்வளவு கரெக்டா எப்படித் தெரியும்?"

"ஊசி போட்ட ஆட்டுக்கு நேரம் எழுதிட்டிருந்தேன். அப்பதான் உள்ள வந்தார். பேனர் கட்டும்போது பாலத்து முள்கம்பி வலது புறங்கையைக் கிழிச்சிருச்சு. பச்சை மருந்து ஊத்தினேன்."

"மாட்டுக்கு ஊத்தறதையா?"

"மனுஷனுக்கும் அதேதான் கேப்டன். மாடு கத்தாது, இவர் கத்தினார்."

"என்ன பேசினார்?"

"பதினோரு மணிக்கு அக்கரை அதிகாரிங்க கையெழுத்துப் போட வர்றாங்க, இந்தக் கிளிப்பச்சைக் கையை எங்கே ஒளிச்சு வெக்கறதுன்னு கேட்டார். சிரிச்சுக்கிட்டே, கையை ஊதிக்கிட்டே ஆபீசுக்கு நடந்தார். அவ்வளவுதான்."

"என்ன கையெழுத்து?"

"வாரத்துக்கு ஒரு நாள் சந்தை அஞ்சு நாளாகும். அக்கரை லாரி பாலத்தைத் தாண்டி நம்ம கரைக்கு வரலாம். அந்த ஒப்பந்தம்."

அக்கரை அதிகாரிகள் வரவில்லை. செய்தி கேட்டதும் அக்கரைப் பக்கத் தென்பாலத்திலேயே வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

அடுத்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற அக்நஸாரைக் கேட்டார் கேப்டன்.

"நீங்க எப்ப பார்த்தீங்க?"

"எட்டு மணிக்குக் கொடியேத்தும்போது பார்த்ததுதான். எட்டே காலுக்கு என் கிடங்குக்குப் போயிட்டேன், அதோ கரைமேல. மாவு மூட்டை அடுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தேன். நடுவுல தீவுல காலே வெக்கல."

"வாசல் பதிவுல பார்த்துக்கலாமா?"

வடபாலத்துச் சிப்பாய் தலையைச் சொறிந்தான். "மேலாளரை எழுத மாட்டோம் சார். ஒரு நாளைக்கு நாப்பது தடவை போவார் வருவார். யாரு உக்காந்து எழுதறது?"

கேப்டன் அதற்குமேல் போகவில்லை. கல் இருந்தது, ரத்தம் பூசிய ஆள் இருந்தான். மூன்று மணிக்கு ஹெலிகாப்டர் வரச்சொல்லித் தகவல் அனுப்பினார். தர்வேஷைத் தலைநகரத்துக்குக் கொண்டுபோக.

11.10. சந்தை வெடித்தது.

முதல் கல் யார் எறிந்தது என்று யாரும் சொல்லவில்லை. அக்கரைக்காரர்களின் வரிசையில் தார்ப்பாய்கள் கிழிந்தன. பிரஷர் குக்கர்கள் உருண்டன. அரிசி மூட்டை ஒன்று வெட்டுப்பட்டுச் சேற்றில் கொட்டியது. துணிக்கடைக்காரர் ஒருவரைத் தராசுத் தண்டால் அடித்தார்கள். அவர் தடுக்கத் தூக்கிய கை மணிக்கட்டுக்கு மேலே ஒடிந்து தொங்கியது. இன்னொருவன் மேல் கொதிக்கும் தேநீர் அண்டா கவிழ்ந்தது. தோல் கழுத்திலிருந்து வழண்டு வந்தது. போன வாரம்கூட ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்தான் அடித்தவர்களும் அடிவாங்கியவர்களும். சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட்ட பிறகுதான் கூட்டம் பின்வாங்கியது.

அக்நஸார் மூட்டைகள்மேல் ஏறி நின்றார். "கல்லைக் கீழ போடுங்கப்பா! நாம மிருகம் இல்ல. தோலிப்ஷோ ரத்தம் காயறதுக்குள்ள இந்தப் பாலத்துக்குப் பூட்டு விழும். இனிமே சந்தையும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் பேச்சை நம்புங்க!"

கூட்டம் அவரை நம்பியது. அவர் கீழே இறங்கி, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உடனே துப்பினார்.

ஒடிந்த கைக்குக் கட்டை வைத்துக் கட்டிக்கொண்டிருந்த சவ்சனுக்குப் பக்கத்தில் தேநீர்க்கடைக்காரி பக்த்மோ நின்றிருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அப்படியும் வாய் நிற்கவில்லை.

"என்ன மேலாளரே, நாஸ் துப்பறவனைச் சந்தையை விட்டே துரத்துவேன்னு போர்டு எழுதி மாட்டின ஆளு நீங்க. இப்ப நீங்களே ஆடு மாதிரி அசை போடறீங்க?"

"ஆளு செத்துக் கிடக்கான் பக்த்மோ. நெஞ்சு அடிச்சுக்குது. எதையாவது வாயில போட்டாத்தான் நிக்க முடியுது."

"அதுக்கு மூஞ்சியெல்லாமா அப்பிக்குவாங்க? மீசையைத் துடைங்க. முதல் தடவை வெச்ச பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கு."

அக்நஸார் மீசையைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டு நகர்ந்தார். சவ்சன் கட்டை இறுக்கினாள். துணிக்கடைக்காரர் அலறினார்.

12.20. தண்ணீர்க் குழாய் இருக்கிறது என்பதால் விசாரணைக்குக் கேப்டன் அவளுடைய கொட்டகையைத்தான் எடுத்துக்கொண்டார். ஆட்டை நிறுத்தும் கம்பியில் தர்வேஷைக் கட்டியிருந்தார்கள். இரண்டு கையும் முன்னால் சேர்த்துக் கட்டு. பக்கத்தில் ஒரு சார்ஜெண்ட், சட்டைக் கையை மடித்துவிட்டபடி.

"ஆபீசுக்குள்ள எத்தனை மணிக்குப் போன?"

"ஒம்பது முப்பத்தஞ்சு."

"உன்னைப் பிடிச்சது பத்து அஞ்சுக்கு. அரை மணி நேரம் பிணத்தோட என்ன பண்ணிட்டிருந்த?"

"இல்லீங்க, போன உடனே பார்த்தேன், உடனே கத்தினேன்."

கேப்டன் கண்ணைக் காட்டினார். சார்ஜெண்ட் முஷ்டியால் வாயில் குத்தினான்.

"எத்தனை மணிக்கு?"

"ஒம்பது முப்பத்தஞ்சு."

மறுபடி குத்து. ஒரு பல் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது.

"நிறுத்துங்க!" சவ்சன் நடுவில் வந்து நின்றாள். "கேப்டன், அவன் கையில இருக்கற கடிகாரத்தைப் பாருங்க. உங்களதையும் பாருங்க."

தர்வேஷின் கடிகாரம் பதினொன்று ஐம்பத்தைந்து காட்டியது. கேப்டனுடையது பன்னிரண்டு இருபத்தைந்து.

"அக்கரை நேரம். நம்மைவிட அரை மணி பின்னாடி. அவன் சொல்ற ஒம்பது முப்பத்தஞ்சுதான் உங்க பத்து அஞ்சு. அவன் ஆரம்பத்துல இருந்தே உண்மையைத்தான் சொல்லிட்டிருக்கான், நீங்கதான் பல்லைப் பேத்துட்டீங்க."

கேப்டன் இரண்டு கடிகாரத்தையும் இன்னொரு முறை பார்த்தார். எட்டு மாதத்தில் இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சரி. நேரம் விடு. கல்லு யாரோடது?"

"என்னோடதுதான்," என்றான் தர்வேஷ். வாயிலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது. "போன சனிக்கிழமை தராசையும் கல்லையும் எங்க சரக்குக் கொட்டகையில வெச்சுட்டுப் போனேன். இன்னைக்குத் தராசு இருக்கு, கல்லு இல்ல. கொஞ்ச நேரம் தேடினேன். அதைச் சொல்லத்தான் ஆபீசுக்குப் போனேன்."

"சரக்குக் கொட்டகைச் சாவி?"

"எங்களுக்கு எங்க சாவி குடுத்தீங்க? அது சந்தை மேலாளர்கிட்ட."

"ஆயிரம் பேர் நடமாடற சந்தை. யாரு வேணா எடுத்திருக்கலாம், நீயே எடுத்திருக்கலாம்." கேப்டன் எழுந்தார். "டாக்டர், இவனைப் பறக்கற அளவுக்குச் சரிபண்ணுங்க. மூணு மணிக்கு ஏத்தணும். அங்க போனா மூணு நாள்ல ஒத்துக்குவான். எல்லாரும் ஒத்துக்குவாங்க."

அது உண்மை என்று சவ்சனுக்குத் தெரியும். அப்படிப் போன இரண்டு பேரை அவளுக்குத் தெரியும். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஒருவன்தான் திரும்பி வந்தான்.

அவள் தர்வேஷின் முன்னால் குனிந்தாள். காலையிலிருந்து அவர்கள் இருவரும் நேருக்கு நேர் நிற்பது அதுதான் முதல் தடவை. கட்டிய கைகளோடு அவன் அவள் கையைப் பிடித்துத் தூக்கினான். தலையைக் குனிந்து அவள் புறங்கையில் உதட்டை வைத்தான். அவளும் குனிந்து அவன் கையில் உதட்டை ஒற்றினாள். இரண்டு பேரும் யோசித்துச் செய்யவில்லை. ஆற்றின் இரண்டு கரையிலும் சொந்தக்காரனும் அண்டைவீட்டானும் சந்தித்தால் அப்படித்தான்.

"வாய் உடைஞ்சாலும் மரியாதை போகல பாரு," என்று சிரித்தார் கேப்டன். "இந்த மலைக்காரங்க எதிரியைப் பார்த்தாக்கூடக் கையை முத்திட்டுத்தான் வெட்டுவாங்க போல. எங்க ஊர்ல நெஞ்சுல கை வெச்சா முடிஞ்சுது."

"அக்கா," என்றான் தர்வேஷ் மெதுவாக. "அம்மாகிட்ட ஹெலிகாப்டர்னு சொல்லாதீங்க. ஜீப்னு சொல்லுங்க."

 பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அவன் உதட்டைத் துடைத்தாள். பஞ்சு சிவந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் சிவப்பு. அதைத் தட்டில் போடும்போது தன் புறங்கை கண்ணில் பட்டது. விரல் முட்டிக்குக் கீழே, ஒரு நாணயம் அளவுக்கு, அவன் உதடு பதித்த ரத்தம்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேப்டன்," என்றாள். "பிணத்தை இன்னொரு தடவை பார்க்கணும்."

"எதுக்கு?"

"அஞ்சு நிமிஷம். நீங்களும் வாங்க."

1.10. கண்டெய்னருக்குள் தோலிப்ஷோமேல் போர்த்தியிருந்த கம்பளியைச் சவ்சன் விலக்கினாள். பச்சைக் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். ஒன்றில் ரத்தம் ஒட்டியிருந்த அதே இடத்தில் மற்றதில் பச்சை விட்டுப்போயிருந்தது. அளவும் ஒன்று. அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். கேப்டன் முதலில் பொறுமையில்லாமல் கேட்டார், பிறகு நாஸைத் துப்பிவிட்டுக் கேட்டார். கடைசியில் சார்ஜெண்டைக் கூப்பிட்டு கிடங்கு வாசலில் நின்ற அக்நஸாரின் லாரியைச் சோதிக்க ஆள் அனுப்பினார்.

1.40. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அக்நஸாரைக் கொட்டகைக்கு அழைத்தார்கள். தர்வேஷ் இன்னும் கம்பியில்தான் கட்டுண்டிருந்தான். அக்நஸார் அவனைப் பார்க்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். நாஸ் உதட்டோரம் வழிந்திருந்தது.

"முகத்தைத் துடைச்சுக்கங்க அண்ணே," என்று சவ்சன் ஈரத்துணி ஒன்றை நீட்டினாள். "கையெழுத்துப் போடறப்போ படம் எடுப்பாங்க."

"வேணாம் தங்கச்சி."

"துடைங்க," என்றார் கேப்டன்.

அக்நஸார் லேசாக ஒற்றினார். கேப்டன் எழுந்துவந்து துணியைப் பிடுங்கி அவரே அழுத்தித் துடைத்தார். கீழுதட்டிலிருந்த பாசி நிறம் முழுக்கத் துணியில் வந்துவிட்டது. மேலுதட்டில் நரைமீசையின் வலது ஓரமும் மூக்கு நுனியும் மட்டும் பச்சையாகவே இருந்தன. கிளிப்பச்சை.

"முப்பது வருஷமா நாஸ் போடறேன் நான்," என்றார் கேப்டன். "கீழுதட்டுக்குள்ள வெப்போம். சிலபேர் நாக்குக்கு அடியில வெப்பாங்க. மூக்கு நுனியில வெக்கற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

"எங்கயாவது பெயிண்டு பட்டிருக்கும்."

சவ்சன் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்தாள். அவர் தலையை விலக்குவதற்குள் மீசையோரத்தில் ஒரு இழுப்பு. பஞ்சில் பளிச்சென்று பச்சை இறங்கியது.

"தண்ணிக்கும் சோப்புக்கும் இது அசையாது அண்ணே. ஸ்பிரிட்டுக்குத்தான் இறங்கும். சோப்பு போட்டுக் கழுவிப் பார்த்திருப்பீங்க. போகல. அப்பதான் லாரிக் கண்ணாடியைப் பார்த்துட்டு நாஸ் வாங்கினீங்க. வாயெல்லாம் பச்சையா இருந்தா மூக்கு நுனியை யாரும் கவனிக்க மாட்டாங்க. பக்த்மோ கவனிச்சா, ஆனா அவளுக்கே தெரியாது."

"என்ன உளர்ற?"

"எட்டு மணிக்கு அப்புறம் தோலிப்ஷோவைப் பார்க்கவே இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. எட்டு மணிக்கு அவர் கையில காயமே இல்ல. நான் மருந்து ஊத்தினது ஒம்பது முப்பத்தஞ்சு. இந்தக் காத்துல அஞ்சு நிமிஷத்துல காய்ஞ்சிரும். காய்ஞ்சா ஒட்டாது. அவர் இங்கேருந்து நாப்பது தப்படி ஊதிக்கிட்டே போய் உள்ள நுழைஞ்சப்போ நீங்க அங்கே இருந்தீங்க. ஆத்துப் பக்கத்துக் கதவு வழியா வந்திருக்கீங்க. கல்லு உங்க கோட்டுக்குள்ள. அவர் கையை நீட்டினார். நீங்க குனிஞ்சு முத்தம் குடுத்தீங்க."

அக்நஸார் மீசையோரத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"கொல்லணும்னு திட்டம் போட்டீங்க. யார் தலையில போடணும்னு திட்டம் போட்டீங்க. சரக்குக் கொட்டகையைத் திறந்து தர்வேஷ் கல்லை எடுத்தீங்க. எல்லாம் சரிதான். ஆனா ஒருத்தர் கையை நீட்டினா குனியாம இருக்க உங்களால முடியல. நம்ம யாராலயும் முடியாது."

கேப்டன் குறுக்கிட்டார். "முத்தம் குடுத்துட்டுப் போயிருக்கலாம். அப்புறம் இவன் வந்து அடிச்சிருக்கலாம். வக்கீல் இதைத்தான் கேப்பான்."

"தர்வேஷ் வந்தப்போ தோலிப்ஷோ உயிரோட இருந்திருந்தா இவனும் குனிஞ்சிருப்பான். மருந்து காய்ஞ்சிருக்கும், ஒட்டியிருக்காதுன்னு சொல்லலாம், ஒத்துக்கறேன். ஆனா முத்தம் குடுத்துட்டுச் சும்மா போன ஆளு, நான் பார்க்கவே இல்லைன்னு ஏன் சொல்லணும்? காலையில கொடியேத்தும்போது கம்பளிக் கோட்டுப் போட்டிருந்தாரு. பத்து இருபதுக்கு இந்தக் குளிர்ல ஸ்வெட்டரோட ஏன் வந்து நிக்கணும்?"

"அவனைக் கொன்னு எனக்கு என்னடி லாபம்?" அக்நஸார் கத்தினார். "இது நான் நடத்தற சந்தை!"

"பதினெட்டு மாசம் பாலம் மூடிக் கிடந்தப்போ தனி அனுமதியில தாண்டிப் போன ஒரே லாரி உங்களோடது. மாவு, சிமெண்டு, மருந்து, எல்லாத்துக்கும் ரெண்டு கரையும் உங்க கையைத்தான் பார்த்துட்டிருந்துச்சு. இன்னைக்குக் கையெழுத்து விழுந்திருந்தா உங்க லாரியை யார் தேடுவாங்க? அக்கரைக்காரன் கொன்னான்னு ஆயிட்டா, பாலம் இன்னும் பத்து வருஷத்துக்குத் திறக்காது. மூட்டைமேல ஏறி அதைத்தானே சொன்னீங்க."

அதே நேரத்தில் சார்ஜெண்ட் உள்ளே வந்தான். கையில் ஒரு மாவுச்சாக்கு. அதைத் தரையில் கவிழ்த்தான். கம்பளிக் கோட்டு விழுந்தது. வலது கை முழுக்க ரத்தம் காய்ந்து மொடமொடத்திருந்தது.

அக்நஸார் கோட்டைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த குளம்பு சீவும் கத்தியைப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயது ஆள் அவ்வளவு வேகமாக எழுவார் என்று யாரும் நினைக்கவில்லை. முதல் வீச்சு சவ்சன் தடுக்க நீட்டிய உள்ளங்கையைக் குறுக்காகப் பிளந்தது. இரண்டாவது அவள் கழுத்துக்கு வந்தது. கம்பியில் கட்டியிருந்த தர்வேஷ் காலை நீட்டி ஸ்டூலை உதைத்தான். ஸ்டூல் அக்நஸாரின் முழங்காலில் மோத, கத்தி அவள் காதோரத்தை உரசிக்கொண்டு மரத்தூணில் இறங்கியது. அதைப் பிடுங்குவதற்குள் சார்ஜெண்ட் துப்பாக்கிக் கட்டையைத் தோளில் இறக்கினான். எலும்பு ஒடிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. விழுந்த பிறகும் சார்ஜெண்ட் நிறுத்தவில்லை. நான்காவது அடிக்குப் பிறகு கேப்டன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"போதும். இவன் பேசணும்."

அக்நஸார் தரையில் கிடந்தபடியே பேசினார். "அவன் சிரிச்சான். கையை நீட்டி, 'பார்த்து அண்ணே, பச்சையாயிருவீங்க'ன்னு சிரிச்சான். அதுக்குள்ள நான் குனிஞ்சுட்டேன்."

கேப்டன் அதை எழுதிக்கொண்டார். நேரம் 1.58.

சவ்சன் இடது கையால் தன் உள்ளங்கையைத் தானே தைத்துக்கொள்ள முயன்றாள். முடியவில்லை. தர்வேஷின் கட்டை அவிழ்க்கச் சொன்னாள். அவன் நூலைப் பிடித்தான், அவள் எங்கே குத்த வேண்டும் என்று சொன்னாள். ஏழு தையல்.

"வலிக்குதா அக்கா?"

"பேசாம குத்துடா. கோணலாப் போகுது."

2.50 மணிக்குத் தர்வேஷுக்கு அவனுடைய அடையாளத் தாள் திருப்பித் தரப்பட்டது. அவன் தென்பாலத்தைக் கடந்தான். மூன்று மணி ஹெலிகாப்டரில் அக்நஸார் ஏற்றப்பட்டார். கலவரத்தில் கழுத்து வெந்தவன் மறுநாள் அக்கரையில் இறந்தான். அதற்காக யாரும் கைது செய்யப்படவில்லை.

சந்தை எட்டு வாரம் மூடியிருந்தது. நவம்பர் 9, சனிக்கிழமை திறந்தது. அக்கரையிலிருந்து அறுபத்தியொரு பேர் வந்தார்கள். தர்வேஷ் வரவில்லை. அவனுடைய தம்பி வந்தான்.